மூடி திறக்காத ஃப்ளாஸ்க்

மாலை 4 மணிக்குப் பள்ளி வேன் வாசலில் வந்து நின்றதும் அந்த அம்மா செய்யும் முதல் வேலை, மகளின் லஞ்ச் பேகை வாங்கித் தூக்கிப் பார்ப்பதுதான். திறந்து பார்க்க வேண்டியதே இல்லை. கனத்தை வைத்தே தெரிந்துவிடும். அந்த ஜூலை மாதம் முழுக்க பேக் கனமாகவே திரும்பி வந்தது.

மதுரையில் இருந்தவரை இந்தக் கவலை கிடையாது. எலுமிச்சை சாதமோ, பொடி தடவிய இட்லியோ எவர்சில்வர் டப்பாவில் வைத்துக் கொடுத்தால் போதும். அங்கிருக்கும் வெயிலுக்கு மதியம் வரை ஆறாது. கணவருக்கு ஊட்டிக்கு மாற்றல் வந்தது. ஜூன் மாதம் குடிவந்தார்கள். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். மழையும் காற்றுமாக இருந்த அந்தக் குளிரில், காலை 7.30-க்குக் கட்டிய சாதம் 12.30-க்குள் சில்லிட்டுப் போனது. பருப்பு சாதத்தில் ஊற்றிய நெய் வெள்ளை வெள்ளையாக உறைந்து கிடந்தது.

“சாதம் ஐஸ் மாதிரி இருக்கும்மா” என்றாள் மகள்.

அன்றைக்கே கடைக்குப் போய், வாய் அகன்ற எவர்சில்வர் ஃப்ளாஸ்க் ஒன்றை வாங்கி வந்தார். இனிப் பிரச்னை தீர்ந்தது என்றுதான் நினைத்தார்.

முதல் நாள் வெண்பொங்கல். அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் சாம்பார் சாதம். பாதி சாப்பிட்டிருந்தாள். அடுத்து சேமியா கிச்சடி, தக்காளி சாதம், நூடுல்ஸ் என்று தினம் ஒன்றாக மாற்றிப் பார்த்தார். எதுவும் காலியாகவில்லை. இரவு படுத்தால் நாளைக்கு என்ன செய்வது என்பதே யோசனை. ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டுப் புலம்பினால், “பிள்ளைக்கு மலைக்காத்து ஒத்துக்கலையோ என்னவோ, டாக்டர்கிட்ட காட்டு” என்று அவர் வேறு பயமுறுத்தினார்.

ஒருநாள் கோபத்தில் கத்தியும் விட்டார். “அஞ்சு மணிக்கு எந்திரிச்சு செய்யுறேன்ல? ஒரு வாய் சாப்பிட மாட்டியா?” மகள் பதில் சொல்லாமல் ஷூ லேஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் தெரிந்தது ஒரு சனிக்கிழமை. மகளை டாக்டரிடம் காட்டிவிட்டு வரக் கிளம்பினார்கள். திரும்ப நேரமாகும் என்று ஃப்ளாஸ்க்கில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டார்கள். அங்கே காத்திருந்தபோது, “பசிச்சா எடுத்துச் சாப்பிடு பாப்பா” என்று நீட்டினார் அம்மா. மகள் ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்தாள். மூடியைத் திருகினாள். நகரவில்லை. முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, முகம் சிவக்க இரண்டு கையாலும் திருகினாள். பிறகு பழக்கப்பட்டவள் போல, சத்தமில்லாமல் பைக்குள் திரும்ப வைத்துவிட்டாள்.

அம்மாவுக்கு நெஞ்சில் அடைத்தது. “ஸ்கூல்லயும் இப்படித்தானா? மிஸ்கிட்ட கொடுக்கலாம்ல தங்கம்?”

“ரெண்டு நாள் கொடுத்தேம்மா. தினமும் கேட்டா எல்லாரும் பார்ப்பாங்க.”

அம்மா வாங்கித் திருகிப் பார்த்தார். அவர் கைக்கே அது கொஞ்சம் முரண்டு பிடித்தது. காரணம் எளிமையானது. கொதிக்கக் கொதிக்க நிரப்பி மூடும்போது உள்ளே இருக்கும் காலி இடத்தை நீராவி அடைத்துக்கொள்கிறது. நேரம் ஆக ஆக அந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் காற்று மூடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு, சாம்பார் சிந்திவிடக் கூடாதே என்று தினமும் காலையில் மூடியை இறுக்கி முறுக்கியதும் அம்மாவின் கைதான்.

திங்கட்கிழமைக்குள் வேறு ஃப்ளாஸ்க் வந்தது. மூடியின் நடுவில் பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் காற்று உள்ளே போய் மூடி இளகிவிடும். பிடி வழுக்காமல் இருக்க மூடியைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றும் போட்டார். ஞாயிறு முழுக்க வீட்டில் திறந்து மூடும் பயிற்சி நடந்தது. “திறந்ததும் சாப்பிடக் கூடாது, ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு ஊதிச் சாப்பிடணும்” என்பதும் அதில் ஒரு பாடம்.

மூடி திறந்த பிறகுதான் சமையலுக்கு உண்மையான மார்க் கிடைக்க ஆரம்பித்தது. மகள்தான் நீதிபதி.

“சூடு பத்தலம்மா” என்பது முதல் தீர்ப்பு. ஃப்ளாஸ்க் எதையும் சூடாக்காது, இருக்கும் சூட்டைக் காக்க மட்டுமே செய்யும். 1892-ல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி இதை உருவாக்கியதே, கடும் குளிரில் இருக்கும் திரவ வாயுக்களை வைத்து ஆய்வு செய்யத்தான். உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே காற்று இல்லாததால் வெப்பம் எளிதில் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. அதனால் உள்ளே போகும் உணவு எவ்வளவு சூடு என்பதுதான் கணக்கு. ஊட்டி உயரத்தில் தண்ணீரே 93 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துவிடுகிறது. அந்தச் சூட்டிலும் கொஞ்சத்தைச் சில்லென்ற எவர்சில்வர் குடித்துவிடும். இப்போது அம்மா முதலில் கொதிக்கும் தண்ணீரை ஃப்ளாஸ்க்கில் ஊற்றி 10 நிமிடம் மூடி வைக்கிறார். அதைக் கொட்டிய உடனே, அடுப்பில் கொதிக்கும் உணவைக் கழுத்து வரை நிரப்பிவிடுகிறார். அரை ஃப்ளாஸ்க் உணவு சீக்கிரம் ஆறிவிடும்.

“கட்டியா இருக்கு, ஸ்பூன் இறங்கல” என்பது அடுத்த தீர்ப்பு. மூடிய சூட்டில் அரிசியும் பருப்பும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பொங்கலை வீட்டில் சாப்பிடும் பதத்தைவிட ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாக விட்டுத் தளர இறக்குகிறார். மிளகை முழுதாகப் போடாமல் பொடித்துப் போடுகிறார். சாம்பார் சாதத்துக்கு ஊட்டி கேரட்டையும் பீன்ஸையும் பொடியாக நறுக்கி, மேலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுகிறார். சேமியா எப்படிச் செய்தாலும் களியாகிவிடுவதால் அதற்கு ஓய்வு கொடுத்தாயிற்று.

மகளிடம் முழு மார்க் வாங்கியது சாம்பாரில் மிதக்கும் பட்டன் இட்லி. ஊற ஊற ருசி கூடும், ஒரு ஸ்பூனுக்கு ஒன்று. நல்ல மழை நாளில் குழைந்த ரசம் சாதம். வாரத்தில் ஒருநாள் ராஜ்மா குழம்பு சாதம். இன்னொரு நாள் எலும்பில்லாத கோழித் துண்டுகள் போட்ட குழம்பு சாதம். தோசை, பூரி, வடை எல்லாம் நமத்துப் போகும் என்பதால் ஃப்ளாஸ்க் பக்கமே வருவதில்லை. தயிர் சாதத்துக்குத் தனி டப்பா.

ஒன்றில் மட்டும் அம்மா கண்டிப்பு. முதல் நாள் சாதத்தை வெதுவெதுப்பாக்கி ஃப்ளாஸ்க்கில் போடுவதே இல்லை. 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் வரும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள், கொதித்தாலும் சாவதில்லை. அதனால் அன்றன்று வடித்த சோறுதான், அதுவும் கொதிக்கக் கொதிக்க.

சென்ற வாரம் ஒருநாள் வேன் வந்து நின்றது. பேக் காற்று மாதிரி இருந்தது. “எல்லாத்தையும் நீயே சாப்பிட்டியா?” என்று கேட்டார் அம்மா.

“இல்லம்மா. பக்கத்துல இருக்கிற பிள்ளைக்கும் மூடி திறக்க வரல. நான்தான் திறந்து கொடுத்தேன். அதுக்குள்ள எங்களுக்குப் பசி வந்துருச்சு, ரெண்டையும் மாத்தி மாத்தி சாப்பிட்டோம்” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள் மகள்.

மறுநாள் காலை பட்டன் இட்லி நாலைந்து கூடுதலாக வெந்தது.