தமிழும்

‘உம்’ என்கிற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கிறது நன்னூல். பள்ளிக்கூடத்தில் அதைப் பாடமாக்கியபோது, பிற்காலத்தில் என் உத்தியோகமே அந்த இரண்டு எழுத்தைச் சுற்றித்தான் ஓடப்போகிறது என்று நினைக்கவில்லை. கொழும்பில் ஓர் அரச அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சிங்களத்தில் வருகிற கடிதங்களையும் சுற்றறிக்கைகளையும் தமிழாக்குவதுதான் வேலை. அந்த நாற்காலி அங்கே போடப்பட்டதற்குக் காரணமே அரசியலமைப்பில் உள்ள ஓர் ‘உம்’தான்.

1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தைத்தான் சொல்கிறேன். மாகாண சபைகளை உண்டாக்கிய திருத்தம் என்றே பலருக்கும் அதைத் தெரியும். மொழி பற்றிய பிரிவும் அதில் மாறியது. இலங்கையின் அரசகரும மொழி சிங்களம் என்ற முதல் வசனம் இருந்தபடியே இருந்தது. அதற்குக் கீழே, தமிழும் ஓர் அரசகரும மொழி என்று இன்னொரு வசனம் சேர்ந்தது.

இலக்கணப்படி இது எச்ச உம்மை. ‘தம்பியும் வந்தான்’ என்றால், அண்ணன் முன்னமே வந்து கதிரையில் இருந்துவிட்டான் என்று பொருள். ‘அண்ணனும் தம்பியும் வந்தார்கள்’ என்றால் அது எண்ணும்மை. அங்கே இரண்டு பேருக்கும் உம் உண்டு, வினைமுற்று ஒன்றுதான். சிங்களத்திலும் இதே அமைப்பு இருக்கிறது. ‘மமத் ஓயாத்’ என்றால் நானும் நீயும். நாம் ‘உம்’ போடுகிற இடத்தில் அவர்கள் ‘த்’ போடுகிறார்கள், அதையும் இரண்டு தரம்தான் போடுகிறார்கள். இவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கிற இரண்டு மொழிக்காரர் சேர்ந்து ‘சிங்களமும் தமிழும்’ என்று ஒரு வசனம் எழுத முடியாமல் போனது எப்படி?

அதற்கு 1956க்குப் போகவேண்டும். அந்த வருடத்து அரசகரும மொழிச் சட்டத்தை நம்மவர்கள் ‘தனிச் சிங்களச் சட்டம்’ என்றார்கள். விவாதத்தின்போது இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்ற பொருள்பட எச்சரித்தார். இன்றைக்கும் தமிழ்க் கூட்டங்களில் அதைச் சொல்லாத ஆளில்லை. பதினாறு வருடம் கழித்து, சிங்களத்துக்கு அரசியலமைப்பிலேயே இடம் கொடுத்த 1972ஆம் ஆண்டு யாப்பை ஆக்கியதில் முதன்மையான அமைச்சரும் அவர்தான். அதைச் சொல்கிறவர்கள் குறைவு.

இடையில் ஒரு வழி திறந்து மூடியது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பிரதேச சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிருவாகம் என்று அளவான சங்கதிகள்தான் அதில் இருந்தன. அடுத்த ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் வந்து இருந்தார்கள், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. தனிச் சிங்களத்திலிருந்து தனி நாட்டுக்கு வர இருபது வருடம் எடுத்தது. இரண்டிலும் ‘தனி’ இருப்பது தற்செயல் இல்லை.

நம்முடைய பக்கத்துக் கணக்கும் உண்டு. தமிழரசுக் கட்சி ‘தமிழ் பேசும் மக்கள்’ என்றொரு சொற்றொடரைப் புழக்கத்தில் விட்டது. முஸ்லிம்களும் மலையகத்தாரும் அதற்குள் வருவார்கள் என்பது எண்ணம். 1990 ஒக்ரோபரில் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஒரே மொழியைப் பேசினவர்கள்தான் அவர்கள். ஆகவே மொழி ஒன்றென்றால் ஒற்றுமை தானாக வந்துவிடும் என்று நான் வாதாட வரவில்லை.

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் தட்டெழுத்துச் செய்தவர் ஒரு மாத்தறை அக்கா. என்னை ‘மல்லி’ என்றுதான் கூப்பிடுவார். என் சிங்களம் புத்தகச் சிங்களம், அதை மனிதர் பேசும் சிங்களமாக்கினது அவர்தான். சிங்களப் பிரதி திங்கட்கிழமை போய்விடும். தமிழ்ப் பிரதி, நான் ஓராள் என்பதால், வெள்ளிக்கிழமையோ அதற்கடுத்த வெள்ளிக்கிழமையோ போகும். ஒருநாள் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மல்லி, இது போய்ச் சேரும் மட்டும் உங்கட ஆக்கள் என்ன செய்வினம்?”

“சிங்களம் தெரிஞ்ச ஆரிட்டையும் குடுத்து வாசிப்பினம் அக்கா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். 1989இல் இரவு வந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். அது ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சிக் காலம், தெற்கில் பல்லாயிரம் இளைஞர்கள் அப்படிப் போனார்கள். தாயார் எழுதாத இடமில்லை. எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது, சுத்தமான சிங்களத்தில்.

“அம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கினது மல்லி. பிள்ளைதான் வரேல்ல.”

அவர் சிங்களத்தில் சொன்னதைத்தான் இங்கே நம்முடைய பேச்சில் எழுதுகிறேன். மொழியுரிமை பற்றி நான் வாசித்த கட்டுரைகள் எதிலும் இந்த வசனத்துக்குப் பதில் இல்லை. கடிதம் விளங்குவது முதல் படி மட்டும்தான். அதற்கு மேல் அரசாங்கம் உண்மை சொல்கிறதா என்று ஒன்று இருக்கிறது. அந்தப் படியில் மாத்தறைத் தாயும் முல்லைத்தீவுத் தாயும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

ஆனால் முதல் படியே இல்லாதவர்கள் உண்டு. ஓய்வு பெற்று வவுனியாவுக்கு வந்த பிறகு, ஒழுங்கையில் யாருக்குச் சிங்களக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டு வருவார்கள். ஒருநாள் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உறையைப் பிரிக்காமலே கொண்டு வந்தார். மகன் 2009இல் காணாமல் போனவர். விசாரணைக்கு வரச்சொல்லி எழுதியிருந்தார்கள். குறித்த திகதி போய் ஆறு நாள். வாசித்துக் காட்டத் தெரிந்த மருமகள் ஊரில் இல்லாதபடியால், கடிதம் சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

“அப்ப நான் போகேல்லை எண்டு எழுதிப் போடுவாங்களோ தம்பி?”

அவருக்காகச் சிங்களத்தில் ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் கழித்து இன்னொரு திகதி வந்தது, அதுவும் சிங்களத்தில். தமிழும் அரசகரும மொழியாகி அப்போது முப்பது வருடம். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை 1991இல் அமைத்தாயிற்று. 2007 ஜூலைக்குப் பின் சேருகிற அரச ஊழியர் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியைக் கற்கவேண்டும் என்று சுற்றறிக்கையும் உண்டு. சட்டத்தில் குறை சொல்ல அவ்வளவாக இல்லை. கடிதம் எழுதுகிற மேசையில் தமிழ் தெரிந்த ஆள் இல்லை, அதுதான் பிரச்சினை.

2022இல் வேறொன்று நடந்தது. பெற்றோலும் காசும் மின்சாரமும் இல்லாமல் தெற்கு தெருவுக்கு வந்தது. அதற்கு முந்தின ஒக்ரோபரில்தான் கோத்தபாய ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ என்று ஒரு செயலணி அமைத்திருந்தார். ‘ஒரே’ என்பதில் வருகிற ஏகாரம் மற்றதை எல்லாம் விலக்கிவிடுகிற ஏகாரம். அவரை வீட்டுக்குப் போகச் சொன்ன காலிமுகத்திடலில், மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது, கஞ்சி கொடுத்தார்கள். சிங்களப் பெடியள் வாங்கிக் குடித்தார்கள். படத்தைப் பார்த்த என் மனைவி, “இதுக்குப் பதின்மூண்டு வருசமோ?” என்றாள். அதில் சந்தோஷமும் இருந்தது, கோபமும் இருந்தது.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159 எடுத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறில் மூன்று அவர்களுக்கு. தெற்குக் கட்சி ஒன்றுக்கு அங்கே இப்படி விழுந்ததைப் பார்த்துக் கொழும்புப் பத்திரிகைகள் ‘தேசிய ஒற்றுமை வந்துவிட்டது’ என்று எழுதின. என் மருமகன் யாழ்ப்பாணத்தில் திசைகாட்டிக்குப் போட்டவன். ஏன் என்று கேட்டேன்.

“வீட்டுக்குப் போட்டு என்னத்தைக் கண்டம் மாமா? இவையளையும் ஒருக்காப் பாப்பம்.”

அவன் வாயிலும் ஓர் உம்! ஆனால் அதை ஒற்றுமைக்கான வாக்கு என்று நான் எண்ணமாட்டேன். அந்த மாவட்டத்தில் அக்கட்சிக்கு விழுந்தது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாக்குத்தான். தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைகளும் மிச்சத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டதால் வந்த வெற்றி அது. மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சிதான் வென்றது. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கிலும் அது முன்னுக்கு வந்துவிட்டது. மருமகன் சொன்னது தவணைக் கடன் மாதிரி. தவணைக்குள் கட்டவேண்டும்.

கட்டவேண்டியவர்களின் பழைய கணக்கும் லேசானதில்லை. 1987இல் மாகாண சபைகளை எதிர்த்து ஆயுதம் எடுத்த கட்சி ஜே.வி.பி. வடக்கு கிழக்கு இணைப்புக்கு எதிராக வழக்குப் போட்டு 2006இல் வென்றதும் அவர்கள்தான். இன்று இனவாதத்துக்கு இடமில்லை என்கிறார்கள். சொல்வதைச் சந்தேகிக்க எனக்கு மனமில்லை. அவர்களும் அண்ணன்மாரைப் பறிகொடுத்தவர்கள். ஆனால் இனவாதம் இல்லை என்பது எதிர்மறை வசனம். என்ன உண்டு என்று சொல்கிற வசனம் இன்னும் வரவில்லை. வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013 செப்ரெம்பரில், அதன் காலம் முடிந்தது 2018 ஒக்ரோபரில். அன்றிலிருந்து ஆளுநரின் ஆட்சி.

ஒற்றுமைக்கு வாய்ப்பு உண்டா என்று வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் என்னைக் கேட்பதுண்டு. உண்டு என்றே சொல்லுவேன். மாத்தறை அக்காவோடு இத்தனை வருடம் ஒரே கேத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தவனுக்கு இல்லை என்று சொல்ல வராது. ஆனால் கொடி, கீதம், ஒன்றாய்க் கிரிக்கெட் பார்ப்பது இவற்றையெல்லாம் அதற்கு அளவுகோலாக வைக்கமாட்டேன். 2016 சுதந்திர தினத்தில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள், 2020இல் விட்டார்கள். பாடியபோதும் அந்த அம்மாவுக்குச் சிங்களத்தில்தான் கடிதம் வந்தது.

நான் பார்ப்பது மூன்று சங்கதி. மாகாண சபைத் தேர்தலை வைக்கிறார்களா? காணாமல் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று வடக்குத் தாய்க்கும் தெற்குத் தாய்க்கும் சொல்கிறார்களா? வவுனியாவுக்கு வருகிற கடிதம், சிங்களப் பிரதி போகிற அதே திங்கட்கிழமை, தமிழில் வருகிறதா? மூன்றாவதுக்குப் பெரிய காசு வேண்டாம், பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு அலுவலகத்திலும் இன்னும் இரண்டு நாற்காலி போட்டால் போதும்.