மாமியின் கரண்ட் பில்லும் பிட்கொயின் மெசினும்

போன செப்டெம்பரில் கம்பஸ் லீவுக்கு நாங்கள் மூன்று பேரும் திருகோணமலையில் நின்றோம். கச்சான் காற்று இன்னும் முழுசாக அடங்கவில்லை. பின்னேரமானால் உள்துறைமுகக் கரையில் போய் இருந்து கதைப்பதுதான் எங்களுக்கு வேலை. அப்படியான ஒரு பின்னேரத்தில் மாமா வந்து பக்கத்தில் குந்தினார். எங்களில் ஒருவருக்குத்தான் அவர் சொந்தத் தாய்மாமன். ஆனால் ஒழுங்கையில் எல்லாருக்கும் அவர் மாமாதான்.

“பிள்ளையள், பிட்கொயின் மெசின் எண்டு ஒண்டு இருக்காமே. வீட்டில பூட்டிவிட்டா அது தன்ர பாட்டில காசு உழைக்குமாம். உண்மையோ?”

கொழும்பில் யாரோ ஒருவர் வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறார். பாவித்த மெசின், பெயர் அன்ட்மைனர் எஸ்19 ப்ரோ, விலை இரண்டரை இலட்சம். மாமாவின் கையில் ஒன்றரை இலட்சம் இருந்தது. போட் எஞ்சினை மாற்றுவதற்கென்று இரண்டு வருடமாகச் சேர்த்த காசு அது. மிச்சத்துக்கு மாமியின் காப்பை அடகு வைப்பதாக யோசனை.

நாங்கள் கலைப்பீடம். ஒருவருக்கு வரலாறு, ஒருவருக்குப் புவியியல், ஒருவருக்குத் தமிழ். எங்களுக்கும் மைனிங்குக்கும் இருந்த ஒரே தொடர்பு யூடியூப். ஆனாலும் “படிச்ச பிள்ளையள் பாத்துச் சொல்லுங்கோ” என்று கேட்டால் தெரியாது என்று சொல்ல வாய் வருவதில்லை. போனை எடுத்து, இலாபக் கணக்குப் பார்க்கும் ஒரு தளத்தில் மெசினின் பெயரைப் போட்டோம். மாதம் 148 டொலர் வரவு, கரண்ட் போக 31 டொலர் மிச்சம் என்று காட்டியது. எங்கள் காசில் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

“பிழையில்லை மாமா. ரெண்டு வருசம் கொஞ்சம் கூட ஓடினா போட்ட காசு வந்திடும்.”

அந்த வசனத்தைச் சொன்னது நாங்கள்தான். இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

அடுத்த நாள் மாமா வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மாமி ஒரு கேள்வி கேட்டா. “இது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?”

3,250 வாற் என்றோம்.

“எங்கட ஐயன் பொக்ஸ் ஆயிரம் வாற். அப்ப மூண்டு ஐயன் பொக்ஸ் ராப்பகலா நிப்பாட்டாம எரியுறமாதிரி.”

பிறகு எழும்பிப் போய், சுவாமித் தட்டுக்குக் கீழே மடித்து வைத்திருந்த பில்லை எடுத்து வந்தா. அந்த மாதம் 76 யூனிட். 90ஐத் தாண்டினால் கூடிய விலைப் படிக்கு ஏறிவிடும் என்று ஒவ்வொரு கிழமையும் மீற்றரைப் போய்ப் பார்க்கிறவ அவ. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் கூடியபோது வந்த பழக்கம் அது. இடையில் கட்டணம் குறைந்தும் பழக்கம் போகவில்லை.

எங்களுக்குக் கை குளிர்ந்துவிட்டது. 3.25 கிலோவாற்றை 24 மணித்தியாலத்தால் பெருக்கினால் 78 யூனிட். மாமி ஒரு மாதம் முழுக்கக் கணக்குப் பார்த்து எரிக்கிற கரண்டை அந்த மெசின் ஒரே நாளில் குடிக்கும். மாதத்துக்கு 2,340 யூனிட்.

தளத்தைத் திரும்பத் திறந்து பார்த்தோம். கரண்ட் விலைக்கான பெட்டியில் ஏற்கெனவே 5 அமெரிக்க சதம் என்று நிரம்பியிருந்தது. டொலர் 300 ரூபா என்றால் யூனிட் 15 ரூபா. நாங்கள் அதை மாற்றவேயில்லை. இந்த அளவு பாவிக்கிற வீட்டுக்கு மின்சார சபை மேல்படி விலையைத்தான் போடும். படிகளும் விலைகளும் அடிக்கடி மாறுவதால் கணக்குக்கு 50 ரூபா என்று வைத்தோம். செலவு மாதம் 1,17,000 ரூபா. வரவு 148 டொலர், அதாவது ஏறத்தாழ 44,500 ரூபா. மாதம் மாதம் 72,000 ரூபாவுக்கு மேல் நட்டம். காப்பு போனால் திரும்பி வராது.

வரவுக் கணக்கையாவது நாங்கள் விளங்கித்தான் போட்டோமா என்றால் அதுவும் இல்லை. அன்றிரவு இருந்து அடியிலிருந்து படித்தோம். இது கொயினை “அச்சடிக்கிற” மெசின் இல்லை. பிட்கொயின் கணக்கேட்டில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு புதிய பக்கம் சேர்கிறது. அதைச் சேர்க்கும் உரிமைக்காக உலகம் முழுக்க உள்ள மெசின்கள் ஓர் எண்ணை ஊகித்து ஊகித்துப் போட்டி போடுகின்றன. வெல்பவருக்குப் பரிசு. 2009இல் பரிசு 50 கொயின். நான்கு வருடத்துக்கு ஒரு தடவை அது பாதியாகும். 2024 ஏப்ரலில் இருந்து 3.125 கொயின். நாளைக்கு 144 பக்கம் என்றால், உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு நாள் பரிசு 450 கொயின். பரிமாற்றக் கட்டணமாகக் கொஞ்சம் மேலதிகமாக வரும், அவ்வளவுதான்.

மெசின்கள் கூடினால்? 2,016 பக்கத்துக்கு ஒரு தடவை, அதாவது ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு ஒரு முறை, புதிரின் கடினம் தானாகக் கூடும். பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருக்கும். 2025இல் உலக மெசின்களின் மொத்த வேகம் விநாடிக்கு 1,000 எக்ஸாஹாஷைத் தொட்டது. மாமாவின் மெசின் 110 டெராஹாஷ். பங்கு போட்டால் ஏறத்தாழ தொண்ணூறு இலட்சத்தில் ஒன்று.

இதை மாமாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று நாங்கள் முழி பிதுங்க, அவரே சொன்னார்.

“கரைவலை மாதிரித்தானே. பத்துப் பேர் கயிறு இழுத்தா பத்துப் பங்கு. நூறு பேர் வந்து பிடிச்சா நூறு பங்கு. ஆள் கூடினதுக்காக மீன் கூடாது.”

இதைவிடத் தெளிவாக எந்த வீடியோவும் எங்களுக்குச் சொல்லவில்லை. இன்றைய வரவை 24 மாதத்தால் பெருக்குகிற கணக்கு ஏன் பிழை என்பதும் இதற்குள்தான் இருக்கிறது. நாளைக்குக் கயிறு பிடிக்க எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. 2028 அளவில் பரிசு இன்னொரு தடவை பாதியாகும் என்பது மட்டும் தெரியும்.

மெசின் பழசாவதும் அப்படித்தான். 2016இல் வந்த அன்ட்மைனர் எஸ்9 அந்தக் காலத்தில் பெரிய பெயர் எடுத்தது. வேகம் 13.5 டெராஹாஷ், ஏறத்தாழ 1,300 வாற். மேலே போட்ட அதே கணக்கில் இன்றைக்கு அது மாதம் 5,500 ரூபா உழைக்க 46,800 ரூபாவுக்குக் கரண்ட் எரிக்கும். உடைந்துபோகவில்லை, ஓடுகிறது, ஆனால் ஓடவிட்டால் நட்டம். பிட்கொயினுக்கான புதிர் ஒன்றைத் தவிர அதுக்கு வேறு வேலையும் தெரியாது. மாமாவின் எஞ்சினுக்கு வயது பதினாறு. புகைக்கும், இருமும், ஆனாலும் கடலுக்குப் போகும், மீனோடு வரும்.

அவர் இலேசில் விடவில்லை. நாங்களும் விட விரும்பவில்லை, ஏனென்றால் ஒரு தடவை பிழையாகச் சொன்னவர்கள் நாங்கள். அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறோம். வாசிக்கிற உங்களுக்கும் இதே கேள்விகள் வரும்.

கொயின் விலை ஏறினால்? நாங்கள் போட்ட விலை ஒரு இலட்சம் டொலர். அது இரண்டு இலட்சம் ஆனாலும் வரவு 89,000 ரூபா, செலவு 1,17,000. அதுவும் விலை ஏறினதைப் பார்த்து வேறு யாரும் மெசின் வாங்காமல் இருந்தால்தான். 2021 நவம்பரில் 69,000 டொலருக்குக் கிட்டப் போன கொயின், ஒரு வருடத்தில் 16,000க்குக் கீழே விழுந்ததையும் மறக்கக் கூடாது.

புது மெசின் வாங்கினால்? எஸ்21 என்ற மொடல் 200 டெராஹாஷ், 3,500 வாற். வரவு 81,000, கரண்ட் 1,26,000. நட்டம் குறையும், ஆனால் நட்டம்தான்.

சோலர் போட்டால்? நாளைக்கு 78 யூனிட் எடுக்க ஏறத்தாழ 20 கிலோவாற் பனல் வேண்டும். அவ்வளவு கூரையும் காசும் உள்ளவர் அந்தக் கரண்டை நேரே மின்சார சபைக்கே விற்கலாம். இடையில் ஒரு மெசின் எதற்கு?

வீட்டில் பூட்டலாமா? சாதாரண 13 அம்பியர் பிளக் தாங்குவது 3,000 வாற் வரைக்கும்தான், வயரிங் மாற்ற வேண்டும். சத்தம் 75 டெசிபல். மெசினைச் சுற்றியுள்ள காற்று 40 பாகையைத் தாண்டக் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே, கச்சான் காலத்தில், மூன்று ஐயன் பொக்ஸின் சூட்டோடு? உப்புக்காற்றில் எங்கள் சைக்கிள் செயினே ஒரு வருடம் தாங்குவதில்லை.

அப்போது உலகத்தில் ஒருவருக்குமே இது இலாபம் இல்லையா? இலாபம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டான் அரசின் முதலீட்டு நிறுவனமே நீர்மின்சாரத்தில் மைனிங் செய்கிறது. அங்கே ஆறு இருக்கிறது, குளிர் இருக்கிறது, கரண்ட் மலிவு. மாமாவின் மெசின் வரவும் செலவும் சமமாக ஓட யூனிட் 19 ரூபாவாக இருக்க வேண்டும். அதுவும் மெசினுக்குக் கொடுத்த இரண்டரை இலட்சத்தைக் கணக்கில் எடுக்காமல். மைனிங்கில் வெல்வது மெசின் வைத்திருப்பவர் இல்லை, மலிவான கரண்ட் வைத்திருப்பவர்.

எங்கள் நாடும் இந்த ஆசைக்குள் ஒரு தடவை காலை வைத்தது. 2021 ஒக்டோபரில் டிஜிட்டல் வங்கிமுறை, புளொக்செயின், கிரிப்டோ மைனிங் பற்றி ஆராயக் குழு அமைக்க அமைச்சரவை அனுமதி கொடுத்தது. அடுத்த மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்த நாங்கள் அதை மறக்கவில்லை. எந்த மைனிங் நடவடிக்கைக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2021இலும் 2022இலும் அறிவித்தது. கிரிப்டோ வாங்க வங்கி அட்டைகளைப் பாவிக்க முடியாது என்றும் சொன்னது. 2023இல் ஒன்மக்ஸ் டிடி, எம்டிஎஃப்இ போன்றவற்றைப் பெயர் குறிப்பிட்டே தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று எச்சரித்தது. அந்தப் பட்டியலில் இருந்தவற்றை நம்பிக் காசு போட்டவர்கள் எல்லாரும் பேராசைக்காரர் இல்லை. 2022இல் ரூபா பாதியாகத் தேய்ந்ததைப் பார்த்தவர்கள் டொலரில் வரும் எதையாவது பிடிக்கப் பார்ப்பது இயல்பு. மாமாவும் அப்படித்தான். “வலைக்கும் எண்ணெய்க்கும் விலை ஏறிக்கொண்டே போகுது, மீன் விலை மட்டும் யாவாரி சொல்லுறதுதான்” என்பது அவர் சொன்ன காரணம். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

மெசின் வாங்கவில்லை. காப்பு மாமியின் கையிலேயே இருக்கிறது. ஒன்றரை இலட்சத்துக்குப் புது எஞ்சின் வராது. பழைய எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, பிஸ்டன் மாற்றி, மிச்சக் காசை மாமா வங்கியில் போட்டார். கொழும்பில் இருந்து அந்த ஆள் இன்னும் வீடியோ அனுப்புகிறாராம்.

நாங்கள் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டோம். “நீங்கள் என்ன செய்யிறது, போன் சொன்னதைச் சொன்னனீங்கள்” என்று சிரித்தார். அது ஆறுதலுக்குச் சொன்னது. கேட்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

உங்கள் ஒழுங்கையிலும் யாராவது ஒரு மாமா இதைக் கேட்பார். தளத்தைத் திறக்க முதல் வீட்டுக் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கோ. அது எங்கே மடித்து வைத்திருக்கிறது என்று தெரியாவிட்டால், தெரிந்தவவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கோ.