கடலுக்குள் ஓர் ஏர்



போன மாதம் எங்க தெருவில் தண்ணீர்க் குழாய் பதிக்க ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். அப்போது செல்போன் டவருக்குப் போகிற கேபிள் அறுந்துவிட்டது. எங்க அப்பா அந்தமானில் கொத்தனார் வேலை பார்க்கிறார். தினமும் ராத்திரி வீடியோ காலில் வருவார். ரெண்டு நாள் அவர் முகத்தையே பார்க்க முடியலை.

"அப்பா பேசுறது கடலுக்கு அடியில கேபிள் வழியா வருது ஆச்சி" என்று சொன்னேன். ஆச்சி உடனே, "ஏட்டி, தெருவுல கெடக்கதே அறுந்து போச்சு. கடலுக்குள்ள கெடக்கது என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியலை. அறிவியல் சாரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டிருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 10-ல் அதைத் தொடங்கி வைத்தார்கள். அதற்கு முன் அங்கே இன்டர்நெட் செயற்கைக்கோள் வழியாகத்தான். நம்ம தூத்துக்குடியிலிருந்தும் 2006-ல் இலங்கைக்குக் கடல் கேபிள் போட்டார்கள்.

ஆழ்கடலில் கேபிளைப் புதைப்பதில்லை, தரையில் அப்படியே கிடக்கும். அங்கே அது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூப் தடிமன்தான். ஆபத்து கரைப் பக்கம்தான். மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும் இழுத்துவிடும். அதனால் அங்கே இரும்புக் கம்பி சுற்றிய தடித்த கேபிளை ஒன்று, இரண்டு மீட்டர் ஆழத்தில் புதைக்கிறார்கள்.

எப்படி? நம்ம வயலில் உழுகிற மாதிரியேதான்! முதலில் கொக்கிகளைக் கடல் தரையில் இழுத்துப் பழைய வலை, கயிறுகளை அகற்றுவார்கள். பிறகு கப்பல் ஒரு பெரிய கலப்பையை மெதுவாக இழுத்துப் போகும். கொழு மண்ணைக் கீறும், அந்தச் சாலுக்குள்ளேயே கேபிள் இறங்கும், மண் திரும்ப மூடிக்கொள்ளும். கலப்பை போக முடியாத இடத்தில், கப்பலில் இருந்தபடியே இயக்கும் ஒரு எந்திரம் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்துப் பள்ளம் பண்ணும். குற்றாலம் பேரருவித் தண்ணீர் விழுந்து விழுந்து பொங்குமாங்கடலில் பாறையையே குடைந்திருக்கிறதே, மணல் எம்மாத்திரம்!

இவ்வளவு செய்தும் அறுவதுண்டு. 2008 ஜனவரியில் எகிப்து அருகே கடல் கேபிள்கள் அறுந்து, இந்தியாவிலும் இன்டர்நெட் பாதித்தது. சில நாளில் துபாய்ப் பக்கம் இன்னொன்று அறுந்தது. அதற்குக் காரணம் யாரோ விட்டுப்போன ஒரு நங்கூரம்! அறுந்தால் கப்பல் போய் இரண்டு முனையையும் மேலே தூக்கி ஒட்டவைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் எங்க தெருவில் சாரலில் நனைந்துகொண்டே ஒரு அண்ணாச்சி கேபிளை ஒட்டவைத்தார். அன்று ராத்திரி அப்பா வந்தார். இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "நானும் அஸ்திவாரம் தோண்டுதவன்தானம்மா. கீழ என்ன கெடக்குன்னு ஒருநாளும் கேட்டதில்ல. இனிமே கேட்டுட்டுத்தான் கடப்பாரை போடுவேன்" என்றார்.

நண்பர்களே, உங்க வீட்டு வாசலில் யாராவது தோண்ட வந்தால், நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேபிளில் யாரோ ஒருத்தருடைய அப்பா பேசிக்கொண்டிருக்கலாம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி