மச்சாள் பிறந்த நேரம்

வெஸ்ட் ஈலிங்கில் எங்கள் வீட்டில் "ஊரில இப்ப எத்தனை மணி?" என்ற கேள்வி என்னிடம்தான் வரும். அது சுலபம். குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்ட வேண்டும், கோடையில் நாலரை. போன மாதம் மாமி கேட்டது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

மச்சாளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். அவள் 2003 ஜனவரி 24 காலை 6.05க்குக் கிளிநொச்சியில் பிறந்தவள். அப்போதே ஐயா ஒருவர் கையால் எழுதிய சாதகத்தில் மகர லக்கினம். அதே நாளையும் நேரத்தையும் ஊரையும் போன் ஆப் ஒன்றில் போட்டால் தனுசு லக்கினம் வருகிறது. "எது பிள்ளை சரி?" என்று மாமி பயந்துபோய்க் கேட்டார். நான் சாதகம் பார்ப்பதில்லை. ஆனால் பைதன் படிக்கிறேன். இது பைதனுக்குள் அடங்கும் கேள்வி.

பைதனில் ஒரு நேரத்தை 'டேட்டைம்' என்ற ஒப்ஜெக்டாக வைத்துக்கொள்வோம். வெறும் 6.05 என்று கொடுத்தால் அது எந்த ஊர் மணிக்கூடு என்று அதற்குத் தெரியாது. முதலில் எந்த நேர வலயம் என்று அதில் ஒட்ட வேண்டும். பிறகுதான் உலகப் பொது நேரமான யூரிசிக்கு மாற்றலாம். ஒட்டுவது வேறு, மாற்றுவது வேறு. ஒட்டும்போது மணிக்கூட்டு முள் அசையாது. மாற்றும்போது முள் அசையும், ஆனால் அந்தக் கணம் அதே கணம்தான். இரண்டிலும் பழைய ஒப்ஜெக்ட் அப்படியே இருக்கும். புதிது ஒன்று கிடைக்கும்.

6.05இல் 'ஆசியா/கொழும்பு' என்று ஒட்டி மாற்றினேன். யூரிசி 00.05 வந்தது. அதாவது 6 மணித்தியால வித்தியாசம். ஐந்தரை அல்லவா இருக்க வேண்டும்?

காரணம் மின்சாரம். 1996இல் வரட்சியால் நீர்மின் உற்பத்தி குறைந்தபோது இலங்கை அரசு மே 25இல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. கொம்பியூட்டர்கள் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளத்தில் இந்த மூன்று நாட்களும் இருக்கின்றன. அதனால் 2003க்கு 6 மணித்தியாலம் என்று அது சொல்வது கொழும்புக்குச் சரி.

ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் அரை மணித்தியால இடைவெளியுடன் இரண்டு நேரம். 2003இல் கிளிநொச்சி அந்தப் பக்கம் இருந்தது. தரவுத்தளத்திலோ முழு இலங்கைக்கும் ஒரே பெயர்தான், 'ஆசியா/கொழும்பு'. வன்னிக்கென்று ஒரு பெயர் இல்லை.

மாமியிடம் கேட்டேன். "பழைய நேரம்தான், வேற என்ன?" என்றார். கொழும்புப் பெயரை விட்டுவிட்டு நேரடியாக ஐந்தரை மணித்தியாலத்தை ஒட்டினேன். யூரிசி 00.35 வந்தது. ஆப்பிலும் நேர வித்தியாசத்தைக் கையால் மாற்றும் இடம் இருந்தது. அங்கே 5.30 என்று போட்டதும் மகர லக்கினம் வந்தது. ஐயா எழுதியது சரி. ஒரு லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் நிற்கும் என்பதால், எல்லைக்குக் கிட்டப் பிறந்தவருக்கு அரை மணித்தியாலம் போதும், லக்கினமே மாறிவிடும்.

சாதகத்தில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் இதை ஒருமுறை யோசியுங்கள். அந்தப் பத்து வருடத்தில் வன்னியில் நடந்த எதற்கும், ஒரு பிறப்போ, இறப்போ, நாட்குறிப்பில் எழுதிய ஒரு வரியோ, கொம்பியூட்டர் தானாகக் கொழும்பு நேரத்தைத்தான் ஒட்டும். அங்கே சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். 1996க்கும் 2006க்கும் இடையில் எழுதிய நேரம் ஏதாவது உங்கள் வீட்டிலும் இருந்தால், அது பழைய நேரமா புது நேரமா என்று இப்போதே கேட்டு, பக்கத்தில் எழுதி வையுங்கள்.