அப்பாவின் றங்குப்பெட்டி

அப்பாவின் முப்பத்தொராம் நாள் காரியம் முடிந்த அன்று பின்னேரம், அம்மா கட்டிலுக்குக் கீழே கிடந்த றங்குப்பெட்டியை இழுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

“பிள்ளை, நீ படிச்சனி. இதுக்குள்ள என்ன கிடக்கெண்டு பார்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சமூகவியல் பட்டதாரி. பல வருடங்களாகச் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். எத்தனையோ பெண்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். “ஆவணங்களைக் கவனமாக வையுங்கோ” என்று கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். ஆனால், எங்கள் வீட்டுப் பெட்டியை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. ஊருக்கு உபதேசம் செய்பவளின் வீடு இப்படித்தான் இருந்தது.

அப்பா புகையிரதத் திணைக்களத்தில் தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளியாக இருந்தவர். கல்லோயாவிலிருந்து திருகோணமலைக்கு வரும் பாதையில் வெயிலிலும் மழையிலும் உழைத்து 2008இல் ஓய்வுபெற்றார். அவர் இறந்தது 2018இல். இடைப்பட்ட பத்து வருடங்களும் அவரது ஓய்வூதியத்தில்தான் எங்கள் வீட்டு உலை கொதித்தது. அவர் போன பிறகு அம்மாவுக்கு என்ன வழி என்ற கேள்வி, அழுகை ஓய்ந்த பிறகுதான் எங்களுக்கு வந்தது.

உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். “பெரிய தொகை ஒண்டு வரும், அதில வீட்டைத் திருத்தலாம்” என்றார் பெரியப்பா. “அவரின்ர பென்சன் அப்படியே வந்துகொண்டிருக்கும், நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை” என்றார் இன்னொருவர். இரண்டும் பிழை என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

அரச ஊழியர் ஒருவர் சேவையில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்கு மரணப் பணிக்கொடை உண்டு. ஓய்வுபெறும்போதே பணிக்கொடையை எடுத்துவிட்டவருக்கு, இறந்த பிறகு அது மறுபடி வராது. அப்பா அதை எடுத்துத்தான் அக்காவின் கலியாணத்தை ஒப்பேற்றினார். மற்றது, ஓய்வூதியம் என்பது ஓய்வுபெற்றவரின் உயிரோடு முடிவது. மனைவிக்கு வருவது வேறொரு கொடுப்பனவு. அதன் பெயர் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம். அது தானாக வராது. மனைவி போய் விண்ணப்பிக்க வேண்டும்.

இது தெரியாமல் நாங்கள் ஒரு பிழை விட்டோம். அப்பா இறந்த மறுமாதமும் அவரது வங்கிக் கணக்கில் பணம் விழுந்திருந்தது. வங்கி அட்டை அண்ணனின் கையில் இருந்தது. காரியச் செலவுக்கு அதை எடுத்துவிட்டோம். களவு என்று யாரும் நினைக்கவில்லை. அப்பாவின் காசு என்றுதான் நினைத்தோம். ஆனால், அது இறந்தவருக்குத் தவறுதலாக வந்த பணம். பின்னர் அம்மாவுக்கு வந்த நிலுவையில் அதைக் கழித்துக்கொண்டுதான் தந்தார்கள். மரணத்தை உடனே அறிவித்திருந்தால் அந்தச் சிக்கலே வந்திராது.

பெட்டிக்கு வருவோம். 1990 ஆனி மாதம் சண்டை மீண்டும் மூண்டபோது, அம்மா என்னை இடுப்பிலும் அண்ணனைக் கையிலுமாகக் கொண்டு சீனன்குடாவை விட்டு வெளிக்கிட்டவர். எனக்கு அப்போது இரண்டு வயது. திரும்பி வந்தபோது கூரை இல்லை. பெட்டி மட்டும் இருந்தது. அடியில் இருந்த கடதாசிகள் மழையில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. அவற்றுள் ஒன்றுதான் அம்மாவின் கலியாண எழுத்து.

மேலே இருந்த கடதாசிகள் பிற்காலத்தவை. அப்பாவின் ஓய்வூதியர் அடையாள அட்டை, நியமனக் கடிதத்தின் பிரதி, பழைய சம்பளத் துண்டுகள். ஒரு கடதாசியில் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் எழுதியிருந்தது. அந்த இலக்கம்தான் எங்களுக்குக் கிடைத்த முதல் திறப்பு.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடதாசிகளைப் புரட்டினார்.

“இவ ஆர்?”

“அவரின்ர மனுசி.”

“இதில வேற பேரெல்லோ கிடக்கு?”

அப்பா தன் குடும்ப விபரத்தில் அம்மாவை வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிட்டார். தேசிய அடையாள அட்டையில் இருப்பது பிறப்புப் பதிவில் உள்ள பெயர். “கலியாண எழுத்து எங்க?” என்று கேட்டார், நாங்கள் விழித்தோம். “எல்லாத்தையும் சரியாக்கிக் கொண்டு வாங்கோ” என்று கடதாசிகளைத் திருப்பித் தள்ளினார். அம்மாவை இருக்கச் சொல்லக்கூட இல்லை.

பேருந்தில் அம்மா நெடுநேரம் பேசவில்லை. சீனன்குடா கிட்ட வரும்போது சொன்னார்: “நாப்பது வருசம் அந்த மனுசனுக்குச் சோறு போட்டனான். இப்ப நான் ஆரெண்டு கேக்கினம்.”

போரில் இடம்பெயர்ந்த எத்தனை பெண்களிடம் இப்படிக் கேட்டிருப்பார்கள் என்று அன்றுதான் யோசித்தேன். வேலையில் அது எனக்கு ‘ஆவணப் பிரச்சினை’. என் அம்மாவுக்கு அது நாற்பது வருட வாழ்க்கையையே சந்தேகிக்கும் கேள்வி.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்தோம். கலியாணம் பதிந்த இடமும் வருடமும் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. இலக்கமும் சரியான திகதியும் இல்லை. பதிவேட்டில் தேடித் தரும்படி விண்ணப்பித்து, 1978ஆம் ஆண்டுப் பதிவின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்தோம். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்தோம். கிராம உத்தியோகத்தரிடமும் உறுதிக் கடிதம் வாங்கினோம். இடையில் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. வடக்கு, கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஆகவே தமிழில் தரும்படி எழுதிக் கேட்டேன். தமிழில் வந்தது. கேட்டால்தான் கிடைக்கும்.

படம் எடுக்கப் போன இடத்தில் படப்பிடிப்பாளர், “அம்மா, பொட்டு வைக்கேல்லையே?” என்று தெரியாமல் கேட்டுவிட்டார். அம்மா என்னைப் பார்த்தார். “வைக்க விருப்பமெண்டால் வையுங்கோ” என்றேன். அவர் வைக்கவில்லை. ஆனால், சீலைத் தலைப்பைச் சரிசெய்து நிமிர்ந்து இருந்தார்.

இன்னொரு விடயத்தில்தான் வீட்டுக்குள் வாக்குவாதம் வந்தது. “அக்காவுக்கு என்னத்துக்கு வங்கியும் அலைச்சலும்? என்ர கணக்குக்கு வரட்டும், நான் மாதா மாதம் எடுத்துக் குடுக்கிறன்” என்றார் மாமா. அவர் கெட்டவர் அல்லர். இடம்பெயர்ந்த காலத்தில் எங்களைப் பார்த்தவர். ஆனாலும், நான் விடவில்லை. நல்ல தம்பியின் கையில் இருந்தாலும், அவரது பணத்தை அவரே இரந்து வாங்கும் நிலை வந்துவிடும். அம்மா அதுவரை பெருவிரல் அடையாளம் வைத்தவர். இரண்டு கிழமை பேத்தியின் கொப்பியில் தன் பெயரை எழுதிப் பழகினார். கணக்கு அவரது பெயரில், அவரது கையெழுத்தில் திறந்தோம்.

இந்தப் பணம் யாருடையது என்பதை நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதி 1898ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் உருவானது. நூறு வருடங்களுக்கு மேலான ஏற்பாடு. அரச ஊழியரின் சம்பளத்திலிருந்து இதற்காக மாதா மாதம் ஒரு பங்கு பிடிக்கப்படுகிறது. அப்பாவின் பழைய சம்பளத் துண்டுகளில் அந்தக் கழிவைக் கண்டேன். அந்தக் காசு கழிந்த மாதங்களில் வீட்டில் மீன் குறைந்திருக்கும். பிள்ளைக்குப் புதுச் சட்டை தள்ளிப்போயிருக்கும். அந்தக் குறைவைச் சமாளித்தது யார்? அம்மாதான். ஆகவே, இது அரசாங்கம் இரங்கிப் போடும் பிச்சை அல்ல. அவர் உழைத்து, இவர் மிச்சம் பிடித்துக் கட்டியது. பெண் ஊழியர்களின் கணவர்மாருக்கும் பிள்ளைகளுக்குமான ஏற்பாடு 1983ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் வந்தது. பெண்ணின் உழைப்பிலும் ஒரு குடும்பம் வாழ்கிறது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்ள அவ்வளவு காலம் எடுத்தது.

அம்மாவோடு அலைந்த பிறகு, என் வேலையில் சந்திக்கும் பெண்களை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

ஓர் அக்கா இரண்டு வருடமாகக் கணவரின் ஓய்வூதியத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். அவர் வேலை செய்தது ஒரு தனியார் ஆலையில். எங்கள் பகுதியில் மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதங்கள், துறைமுகம் என்று பலவகை வேலை உண்டு. எல்லாம் வெளியில் இருந்து பார்த்தால் பெரிய உத்தியோகம்தான். ஆனால், தனியார் துறையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வேலை செய்வோருக்குப் பொதுவாக இந்த ஓய்வூதியம் இல்லை. அவர்களுக்கு இருப்பது 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியும், 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும். முதலாவதில் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்ட வேண்டும். இரண்டாவதில் முதலாளியே 3 வீதம் கட்ட வேண்டும். கணவர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பணத்தை எடுத்துவிட்டாரா, இல்லையென்றால் யாருடைய பெயரை நியமித்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அந்த அக்கா தட்டியது பிழையான கதவு. யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

இன்னொரு அம்மாவின் கதை இதைவிடப் பாரமானது. அவரது கணவர் ஓய்வுபெற்ற பாடசாலைச் சிற்றூழியர். 2007இல் சந்தைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஓய்வுபெற்றவர் உயிரோடு இருக்கிறார் என்பதை வருடந்தோறும் உறுதிப்படுத்த வேண்டும். அவர் வந்து கையெழுத்திடவில்லை, ஓய்வூதியம் நின்றது. விதவை ஓய்வூதியம் கேட்டால் மரண அத்தாட்சிப் பத்திரம் வேண்டும் என்றார்கள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி, போராலோ அனர்த்தத்தாலோ ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் போயிருப்பவருக்கு மரணப் பதிவு எடுக்கலாம் என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன்.

“அதில நான் ஒப்பம் வைச்சால், அவரை நானே கொண்ட மாதிரியெல்லோ பிள்ளை?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. படித்த படிப்பில் அதற்குப் பதில் இருக்கவில்லை.

2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணவில்லை என்பதை மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று அதனால் கிடைத்தது. அதே 2016இல்தான் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் வந்தது. அந்தச் சான்றிதழை வாங்குவதால் தேடுவதைக் கைவிட்டதாக ஆகாது. அவருக்கு இதைச் சொன்னேன். ஓய்வூதியத்துக்கு எந்தச் சான்றிதழ் போதும், வேறென்ன கடதாசி வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவோம் என்றேன். “அப்படியெண்டால் யோசிக்கிறன்” என்றார். நான் அவசரப்படுத்தவில்லை. பட்டினி ஒரு பக்கம், நம்பிக்கை ஒரு பக்கம். எதைத் தெரிவுசெய்வது என்பது அவருடைய முடிவு. வழிகளைச் சொல்வதும் கூடப் போவதும்தான் என் வேலை.

சகோதரிகளே, உங்களில் பலர் இந்தப் பாதையில் நடந்துவிட்டீர்கள். நடக்கப்போகிறவர்களுக்காக, நான் பட்டறிந்த சிலவற்றை எழுதுகிறேன்:

1. கணவர் உயிரோடு இருக்கும்போதே விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர் கொடுத்துள்ள குடும்ப விபரத்தில் உங்கள் பெயர், திருமணத் திகதி, பிள்ளைகளின் பெயர்கள் சரியாக உள்ளனவா என்று பாருங்கள்.

2. விவாக, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களின் பிரதிகளை இப்போதே எடுத்துவிடுங்கள். தேடியும் பதிவு கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

3. ஓய்வூதியர் இறந்தால் பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் உடனே அறிவியுங்கள். அதன்பின் அவரது கணக்கில் விழும் ஓய்வூதியத்தைத் தொடாதீர்கள்.

4. உழைக்க முடியாத ஊனமுற்ற பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் உரித்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

5. கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். அட்டையும் இரகசிய இலக்கமும் உங்கள் கையில் இருக்கட்டும்.

6. கொடுக்கும் ஒவ்வொரு கடதாசிக்கும் பிரதி வையுங்கள். யாரிடம், எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்று குறியுங்கள். விளங்காததை ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம்.

வீட்டில் சாவைப் பற்றிப் பேசுவது சகுனப் பிழை என்று நினைக்கிறோம். போருக்குள் வாழ்ந்த நாங்கள் எத்தனை சாவைப் பார்த்துவிட்டோம்! பேசாமல் விட்டதால் யாருடைய சாவும் தள்ளிப்போகவில்லை. அப்பாவிடம் அந்தப் பெட்டியைப் பற்றி ஒருநாள் கேட்டிருந்தால் அவர் கோபித்திருக்கமாட்டார் என்றே இப்போது நினைக்கிறேன். ஒவ்வொன்றையும் எடுத்து, ஆறுதலாகச் சொல்லித் தந்திருப்பார்.

அம்மாவின் முதல் கொடுப்பனவு வந்த நாள், இருவரும் வங்கிக்குப் போனோம். இலக்கத்தைக் கூப்பிட்டதும் நான் பழக்கத்தில் எழும்பினேன்.

“நீ இரு. நான் போறன்” என்றார் அம்மா.

போய்க் கையெழுத்து வைத்தார். எழுத்துக் கொஞ்சம் கோணல்தான். ஆனால், முழுப்பெயரையும் எழுதியிருந்தார்.