தொக்கணமும் கையும்

பிடித்துவிடுதல் என்றதும், எண்ணெய் பூசி உடலை அழுத்தும் ஒரே செயலையே பலரும் கருதுவர். சித்த மருத்துவமோ அதனைத் தொக்கணம் என வழங்கி, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாக வகுத்துள்ளது. மேனாட்டிலும் இத்தகைய பகுப்பு உண்டு. தடவல், பிசைதல், உரோஞ்சல், தட்டல் என வகைப்படுத்தியவர் ஒல்லாந்த மருத்துவரான மெற்ஸ்கர் (1838–1909). ஆயினும் அது 'சுவீடன் முறை' எனப் பெயர்பெற்றதும், புகழ் லிங் என்பாரைச் சேர்ந்ததும் விந்தையே.

இவ்வகைகளுள் எதனை எப்போது விலக்குவது என்பதே அரிய அறிவு. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில், பாரிசவாதத்தால் இடப்பக்கம் சோர்ந்த தாயொருத்தியின் கையை மகள் நாள்தோறும் எண்ணெய் பூசி இழுத்துவந்தாள். இழுத்தால் நரம்பு விழிக்கும் என்பது அவள் நம்பிக்கை. தாயோ தோள் நோவால் உறக்கமிழந்தாள். பார்க்கவந்த முதிய பரிகாரியார், "இழுக்காதை பிள்ளை, மூட்டுக் கழரும்" என்று தடுத்தார். தசை தளர்ந்த தோளை இழுப்பின் மூட்டு நெகிழ்ந்து நோ மிகும் என்பதை இன்றைய இயன்மருத்துவமும் கூறும். முழங்கையைத் தாங்கி மெல்ல அசைக்கவும், விரல்கள் மடங்கி விறைக்காவண்ணம் தடவவும் அவர் கற்பித்தார்.

"கை திரும்ப வருமோ?" என்று மகள் கேட்டாள். அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நோக் குறையும், நித்திரை வரும் என்றார்.

சில நாட்களில் தாய் இரவில் உறங்கத் தொடங்கினாள். மகளோ அக்கையைத் தலையணைமேல் ஏந்தி வைத்த பின்னரே விளக்கை அணைப்பாள்.