ஓர் அடிக் கடல்

நீளம், அகலம், உயரம் எல்லாமே ஓர் அடி. கணக்குப்படி 28 லிட்டர் பிடிக்க வேண்டும். மணலும் பாறையும் போட்டு, விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிறுத்தினால் 22 லிட்டர்தான் நிற்கிறது. தெருவில் சைக்கிளில் கொண்டுவந்து போடும் தண்ணீர் கேனைவிட இரண்டு லிட்டர் கூடுதல். பெரம்பூர் வீட்டுக் கூடத்தில், வெயில் படாத மூலையில், முன்பு தையல் மெஷின் இருந்த இடத்தில் இருக்கிறது. இது மூன்றாவது வருடம்.

*

வருகிறவர்கள் எல்லாரும் மீனைத்தான் தேடுகிறார்கள். மீன் இல்லை. பாறையில் காளான் பவளம் நான்கு, பொத்தான் பொத்தானாக விரியும் ஸோவா ஒரு கொத்து, சங்கு நண்டு இரண்டு, பாசி மேய நத்தைகள். அவ்வளவுதான். மீன் விட்டால் தீனி போட வேண்டும். தீனி கழிவாகும், கழிவு அம்மோனியாவாகும். உப்புத் தண்ணீரின் பிஎச் 8.2-ஐ ஒட்டி இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீர்த் தொட்டியில் செய்வதைவிடப் பல மடங்கு கேட்டை இங்கே செய்துவிடும். ஆறடித் தொட்டியில் ஒரு சிட்டிகைத் தீனி கரைந்தே போகும். இங்கே அது ஒரு வாரத்துக்குக் கணக்குக் கேட்கும்.

*

காலையில் பால் அடுப்பில் ஏறுவதற்கு முன்னால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கறுப்பு டேப்பைப் பார்த்துவிடுவேன். டேப்புக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். மார்கழியில் கால் லிட்டர் போதும். சித்திரை, வைகாசியில் விசிறி ஓடும் நாட்களில் அரை லிட்டரைத் தாண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு எங்கும் போவதில்லை. நல்ல கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஒரே ஒரு நாள் ஊற்றத் தவறினால் அது 36-ஐ நெருங்குகிறது. மூன்று நாள் விட்டால் 37-ஐத் தாண்டிவிடும். நண்டு தாங்கும். ஸோவா வாயை மூடிக்கொள்ளும்.

நானூறு லிட்டர் வைத்திருக்கும் நண்பர் ஊருக்குப் போனால் திரும்பி வந்து நிதானமாக ஊற்றிக்கொள்கிறார். பெரிய தொட்டிதான் கஷ்டம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். காசுக்கு அது சரி. கவனத்துக்குச் சின்னதுதான் கடினம்.

*

போன வருடம் வைகாசியில் ஊரில் கல்யாணம், ஐந்து நாள். அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

"அத்தை, தினம் காலையில அந்த வெள்ளை கேன்லேர்ந்து டேப்பு வரைக்கும் ஊத்தணும். வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"அவ்வளவுதானே? நீ நிம்மதியா போயிட்டு வாம்மா."

வெள்ளை கேன் இரண்டு இருந்தது. ஒன்றில் சுத்திகரித்த தண்ணீர், மற்றதில் ஞாயிற்றுக்கிழமை மாற்றுவதற்காக நான் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீர். பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரம், ஒரே மூடி. அத்தை ஒரு நாள்கூடத் தவறாமல், டேப்பு வரைக்கும், உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்.

திரும்பி வந்த இரவு விளக்கைப் போட்டதும் தெரிந்துவிட்டது. ஸோவாக்கள் அத்தனையும் முஷ்டி மடக்கியதுபோல மூடிக் கிடந்தன. காளான் பவளம் எட்டணா அளவுக்குச் சுருங்கியிருந்தது. நத்தைகள் இரண்டு மல்லாந்து கிடந்தன. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 39. ஐந்து நாள், நாளைக்கு அரை லிட்டர், ஆக இரண்டரை லிட்டர். அதில் 87 கிராம் உப்பு. 22 லிட்டரில் அது நான்கு புள்ளி ஏற்றம். நண்பரின் நானூறு லிட்டரில் இதே உப்பு கால் புள்ளிகூட ஏற்றாது.

"நான் ஒரு நாளும் விடலையேம்மா," என்றார் அத்தை. உண்மை. கேனில் எழுதி ஒட்டாதது நான். அதை அவரிடம் அன்றைக்கே சொன்னேன்.

அவசரப்பட்டு ஒரேயடியாக நல்ல தண்ணீரை ஊற்றியிருந்தால் மிச்சமும் போயிருக்கும். உப்பு திடீரென்று இறங்கினால் இந்த உயிர்களின் உடலுக்குள் தண்ணீர் புகுந்து உப்பிவிடும். நாளுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் எடுத்துவிட்டு, அதே அளவு நல்ல தண்ணீர் விட்டேன். ஒரு நாளைக்கு ஒரு புள்ளி. நான்கு நாள். நத்தை இரண்டும் போய்விட்டன. ஸோவாவில் ஒன்பது தலை மட்டும் மறுபடி விரிந்தது. இப்போது ஒரு கேனுக்கு நீல மூடி, அதன் மேல் கையகல எழுத்தில் "உப்பு".

*

கடல் உயிரை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய முதல் ஆட்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குத் தொட்டியைவிடத் தண்ணீர்ப் பாடுதான் கண்ணில் படுகிறது. 1846-இல் அன்னா தின் என்ற பிரிட்டிஷ் பெண்மணி டார்க்கீ கடற்கரையில் கிடைத்த சிறு கல் பவளங்களை லண்டனுக்கு எடுத்துப் போனார். வழியில் உருண்டு அடிபடாமலிருக்க ஊசி நூலால் ஸ்பாஞ்சில் தைத்து வைத்தார். லண்டனில் கடல்நீருக்கு எங்கே போவது? இருக்கிற தண்ணீரையே காற்றாட வைக்க வேண்டும். திறந்த ஜன்னலுக்கு முன் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றி ஆற்றி ஊற்ற, தினமும் அரை மணி, முக்கால் மணி. டீக்கடை மாஸ்டர் ஆற்றுவதுபோலத்தான். ஆற்றியவள் வீட்டுப் பணிப்பெண். என் தொட்டியில் அவள் வேலையைத் தீப்பெட்டி அளவு பம்பு ஒன்று செய்கிறது. மின்சாரம் போகிற இரவுகளில் எனக்கு அவள் ஞாபகம் வரும். தண்ணீர் 30 டிகிரிக்கு ஏறிவிட்டால் லிட்டரில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் 6 மில்லிகிராம் சொச்சம்தான். பம்பும் நின்று, விளக்கும் அணைந்த பிறகு அதைப் பாறையும் மணலும் நண்டும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கும்வரை நானும் டம்ளரால் மொண்டு ஊற்றியிருக்கிறேன்.

*

சின்னப் பாத்திரத்தில் முடியாது என்று யாராவது சொன்னால் நான் சொல்வது எடின்பரோ கடல் சாமந்தியை. ஸ்காட்லாந்தில் நார்த் பெரிக் கரையில் ஜான் டேலியெல் அதை எடுத்தது 1828-இல். ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்தார். பம்பு இல்லை, விளக்கு இல்லை. ஆள் வைத்துக் கடலிலிருந்து தண்ணீர் எடுத்துவரச் செய்து மாற்றிக்கொண்டே இருந்தார். 1851-இல் அவர் இறந்துபோனார். சாமந்தி கை மாறி கை மாறி, 1887 வரை உயிரோடு இருந்தது. அதற்கு "பாட்டி" என்று பெயரே வைத்திருந்தார்கள். ஜாடிக்குள் 59 வருடம்! ஒவ்வொரு கையும் தண்ணீரை மாற்றியிருக்கிறது, அதுதான் விஷயம்.

*

ஆரம்பத்தில் ஆறு வாரம் தொட்டியில் கண்ணுக்குத் தெரிகிற உயிர் ஒன்றுமே இல்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற வேண்டும். நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி பழைய பீங்கான் வளையம் வாங்கிவந்து உறை குத்தினேன். மூன்றாம் வாரம் மணல் முழுக்கப் பழுப்புப் பாசி படர்ந்தது. அதை யாரும் சுரண்டித் தேய்க்க வேண்டாம், தானே போகும். எனக்கும் அப்படித்தான் போயிற்று. அடுத்து வந்த கருஞ்சிவப்புப் படலம் மட்டும் தானாகப் போகவில்லை. தண்ணீர் ஓட்டம் படாத மூலையில்தான் அது உட்காருகிறது. பம்பின் முகத்தைத் திருப்பி வைத்த பிறகுதான் குறைந்தது.

*

வீட்டு ஆர்ஓ மெஷின் தண்ணீர் குடிக்க நல்லது. டிடிஎஸ் மீட்டரில் 50, 60 காட்டும். அந்த 60-இல் என்னென்ன இருக்கிறது என்று மீட்டர் சொல்லாது. சிலிக்கா இருந்தால் பழுப்புப் பாசிக்குத் தீனி. செம்பு இருந்தால், துளியளவானாலும், நத்தைக்கும் நண்டுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. அதனால் ரெசின் குழாய் ஒன்றைக் கூடுதலாக மாட்டி, 0 வந்த பிறகுதான் பிடிக்கிறேன்.

மெரினா பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அங்கிருந்து மொண்டு வரலாமே என்று அத்தை கேட்டார். அலையடிக்கும் ஓரத்துத் தண்ணீரில் நகரத்துச் சாக்கடையும் கலந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் வந்து உப்பும் இறங்கிவிடும். அதே மெரினாவில் 1909-இல் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் மீன் காட்சிச்சாலை வந்தது. அப்போதைய கரைத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

*

சூடு. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். 25-லிருந்து 27 டிகிரி வரை சுகம். மே மாதம் கூடத்தில் பகல் 34. தண்ணீர் அறையின் பின்னாலேயே ஏறும். மேற்பரப்பில் சின்ன விசிறி ஊதவிட்டால் ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 22 லிட்டரை இரண்டு டிகிரி இறக்க 75 மில்லி ஆவியானாலே போதும், வெளிச்சூடு மறுபடி உள்ளே வராமலிருந்தால். ஆனால் அது வந்துகொண்டே இருக்கிறது. விசிறியும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆக, சூட்டைத் தீர்க்கப் போய் உப்பு ஏறுகிறது. காற்றில் ஈரம் அதிகமான புழுக்க நாட்களில் விசிறியும் பாதிதான் வேலை செய்யும். விளக்கைப் பகலில் போடாமல் இரவு ஏழு மணிக்கு மேல் போடுவது ஒன்றுதான் செலவில்லாமல் கிடைத்த வழி.

2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெரும் பரப்பில் வெளுத்தன. கடல் சூடேறினால் பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி வெளியேறிவிடுகிறது. நிறம் மட்டுமல்ல, சாப்பாட்டில் பெரும் பங்கும் அந்தப் பாசி தருவதுதான். அந்தச் செய்தியைப் பல வருடம் கழித்து, என் காளான் பவளத்தின் ஓரம் 31 டிகிரியில் வெளிறியதைப் பார்த்த பிறகுதான் சரியாகப் படித்தேன். எனக்கு விசிறி இருந்தது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே யார் விசிறுவது?

*

அந்தக் கரையில் மீனவர்கள் பவளத் திட்டைப் "பார்" என்பார்கள். 21 தீவுகளைச் சுற்றிய பார்கள் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அதற்கு முன் சுண்ணாம்புக்காக அங்கே எத்தனையோ வண்டிக் கல் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. "கடல் பாறை, உயிரோட இருக்கு, வேணுமா?" என்று ஒரு கடையில் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். வேண்டாம். என்னுடையது பீங்கானில் செய்த பாறை. மூன்று வருடத்தில் அதன் மேல் ஊதாவும் ரோஜாவுமாகச் சுண்ணாம்புப் பாசி தானே படர்ந்து, எது செய்தது எது வளர்ந்தது என்று எனக்கே தெரியாமல் இருக்கிறது. கல் பவளம் வளர்ப்பவர்கள் கால்சியம், காரம் என்று அன்றாடம் அளந்து சொட்டு மருந்துபோல விடுகிறார்கள். என் மென்மையான உயிர்களுக்கு வாரம் மூன்று லிட்டர் புதுத் தண்ணீரே அதையெல்லாம் கொடுத்துவிடுகிறது.

*

புதிதாக ஆரம்பிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஸோவா ஒட்டிய கல்லை ஒருநாளும் வெந்நீரில் போடாதீர்கள், கொதிக்கவைக்காதீர்கள், வெறுங்கையால் தேய்க்காதீர்கள். அந்தக் குடும்பத்தில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. ஆவியாக மூச்சில் போனாலே மனிதரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும். கையுறை, கண்ணாடி. வீட்டில் குழந்தை இருந்தால் தொட்டிக்கு மூடி.

*

ரிஃப்ராக்டோமீட்டரைச் சுத்தத் தண்ணீரில் 0 வைத்துவிட்டு நம்பியிருந்தேன். 35-க்கான கரைசலில் சோதித்தபோது 33 காட்டியது. எத்தனை மாதம் அப்படி அளந்தேனோ! இப்போது மாதம் ஒருமுறை கரைசலில்தான் சரிபார்க்கிறேன். உப்பு மாவும் வாங்கிய பையிலேயே இந்த ஊர் ஈரத்தில் கட்டி பிடிக்கிறது. அரிசி டின்னில் போட்டு இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். அளப்பதற்கு முன் டின்னை நன்றாக உருட்டிவிட வேண்டும், கனமான உப்பு அடியில் தங்கியிருக்கும்.

*

ஞாயிறு. மூன்று லிட்டர் மாற்றினேன். 35. வெப்பம் 26.8. ஸோவா 31 தலை, ஒன்று மட்டும் பாதி விரிந்திருக்கிறது. காளான் பவளம் ஒன்று பாறையிலிருந்து இரண்டு விரற்கடை நகர்ந்து போயிருக்கிறது. அது முன்பு இருந்த இடத்தில், பாதத்தின் துணுக்கு ஒன்று விட்டுப்போன இடத்தில், மிளகு அளவுக்குப் பச்சையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நடுவில் வாய் இருக்கிறது.